உங்களுக்குப் பிடித்த சத்தம்

ஜனவரி 12

அன்புள்ள வாயாடிக்கு,

அக்கா எழுதுவது. நானும் மாமாவும் சுகம். என் ரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்கிவிட்டது; அலுவலகத்துக்குத்தான் அடங்க மாட்டேன் என்கிறது. உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரி டெலிபோன் அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்தே உட்காராதே, நடுவில் எழுந்து நட என்று எத்தனை முறை சொல்வது? அப்பாவின் முட்டி வலி குறைந்ததா?

உன்னால் ஒரு உதவி ஆக வேண்டும். போனில் கேட்டால் நான் முடிப்பதற்குள் "முடியாது" என்பாய், அதனால்தான் கடிதம். எங்கள் கலை அறக்கட்டளை இந்த வருஷம் புதிதாக ஒன்று செய்யப்போகிறது. ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருப்பவர்களின் குரல்களைப் பதிவு செய்து, அதே கட்டடத்தின் படிக்கட்டிலும் நடையிலும் ஒலிக்கவிடப் போகிறோம். மேடை கிடையாது, நடிகர்கள் கிடையாது. ஏறி இறங்குகிறவர்கள் நின்று பக்கத்து வீட்டுக்காரரின் குரலைக் கேட்கலாம். எந்தக் கட்டடம் என்று பேச்சு வந்தபோது உங்கள் பத்து மாடியைத்தான் சொன்னேன்.

பதிவு செய்யத் தன்னார்வலர் வேண்டும். வெளியாள் வந்து மைக்கை நீட்டினால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். நீ பன்னிரண்டு வருஷமாக அங்கே இருக்கிறாய். ஒரே ஒரு கேள்விதான்: "இந்தக் கட்டடத்தில் உங்களுக்குப் பிடித்த சத்தம் எது?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். உனக்கு அதுதான் கஷ்டம், தெரியும். குறுக்கே பேசாதே, ஆறுதல் சொல்லாதே, அவர்கள் நிறுத்தினாலும் மனதுக்குள் பத்து எண்ணும்வரை காத்திரு. பத்துக்கு அப்புறம் வருவதுதான் உண்மையான பேச்சு.

அவர்கள் சொல்வது கேட்க வேண்டியவர்கள் காதில் விழும். அதற்கு நான் பொறுப்பு. பதிவுக் கருவியும் மெமரி கார்டும் இதனுடன் அனுப்பியிருக்கிறேன்.

அப்பாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முட்டி நலமா என்று கேட்டிருந்தாய். ஆறு மாடி படியேறுகிற முட்டி எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. நீ போன முறை வந்தபோது காரிலிருந்து இறங்காமலே அப்பாவை பால்கனிக்கு வரச்சொல்லிக் கையாட்டிவிட்டுப் போனாயே, அதைப் பற்றி இன்னும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

பத்தொன்பது வீடு முடித்துவிட்டேன். கார்டை இதில் வைத்திருக்கிறேன். நீ சொன்னபடியே பத்து எண்ணினேன். எண்ணி எண்ணி எனக்கு மூச்சு முட்டியதுதான் மிச்சம்.

உன் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் பதில் ஒன்றுதான். பத்தொன்பதில் பதினேழு பேருக்குப் பிடித்த சத்தம் லிஃப்ட் வரும் சத்தம். ஏன் என்று உனக்கே தெரியும், அது நின்று பதினாலு மாதம் ஆகிறது. குடியிருப்பு வாரியத்துக்கு எழுதினால் "ஒரு பாகம் வர வேண்டும்" என்று பதில் வருகிறது. மீதி இரண்டு பேரில் ஒருவர் முதல் மாடி, அவருக்கு லிஃப்ட் எதற்கு? இன்னொருவருக்குக் காது கேட்காது. என் கேள்வியே அவருக்கு எட்டவில்லை.

மூன்றாம் மாடி இரட்டைக் குழந்தைக்காரி, "லிஃப்ட் கதவு மூடுற சத்தம் பிடிக்கும். இப்ப ஒண்ண இடுப்புல, ஒண்ண தோள்ல, பையப் பல்லுல கடிச்சுக்கிட்டு ஏறுறேன். எழுதிக்கோ" என்றாள். "இது ரெக்கார்ட் ஆகுது, எழுத வேண்டாம்" என்றேன். "அப்ப இன்னொரு தடவ சொல்றேன்" என்று இரண்டாம் முறையும் சொன்னாள்.

எட்டாம் மாடி வெல்டர் அண்ணனை உனக்குத் தெரியாது. நாற்பது வருஷம் கப்பல் பட்டறையில் இரும்பு ஒட்டியவர். சர்க்கரையில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அடுத்த வாரம் லிஃப்ட் நின்றது. அதற்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் கீழே வந்தார், செயற்கைக் காலுக்கு அளவு கொடுக்க. நாலு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். நாலாம் மாடித் திருப்பத்தில் நாற்காலி சாய்ந்து சுவரில் முட்டினார். "இனிமே என்னைத் தூக்கக் கூடாது. நான் பீரோ இல்ல" என்று சொல்லிவிட்டார். காலுக்கு அளவெடுக்கும் பகுதி எங்கள் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. அவர்கள் போன் என் வழியாகத்தான் போகும். கால் தயார். வாரம் மூன்று நாள் வந்து மாட்டி நடந்து பழக வேண்டும். ஏப்ரல் கடைசிவரை எடுத்து வைப்பார்கள். அதற்குமேல் போனால் அளவு மாறிவிடும், முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும்.

அவர் மைக்கில் சொன்னது இதுதான்: "எனக்குப் பிடிச்ச சத்தம் லிஃப்ட் மேல வர்ற சத்தம். பதினாலு மாசமா வரல. என் கால் ஆஸ்பத்திரில இருக்கு, நான் எட்டாம் மாடில இருக்கேன். நாங்க ரெண்டு பேரும் எப்பதான் பாத்துக்கறது?" பத்து எண்ணினேன். "யாருமா இதக் கேப்பாங்க?" என்றார். வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை, மன்னித்துக்கொள். "எங்க அக்கா கேப்பா அண்ணே. அவ கேட்டா வாரியத்துக்கும் கேக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

அதனால் சீக்கிரம் கேள். மாத்திரையை மறக்காதே.

உன்,
வாயாடி

பிப்ரவரி 27

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம். மாமாவுக்குச் சளி, மற்றபடி குறையில்லை. அப்பாவுக்கு முட்டிக்கு ஒரு பட்டை வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

பதிவுகள் பிரமாதம். அலுவலகத்தில் எல்லோரும் கேட்டோம். உனக்கு இப்படி ஒரு கை இருப்பது தெரியாமல் போய்விட்டதே! இரட்டைக் குழந்தைக்காரியின் குரல் மணி மாதிரி இருக்கிறது. வெல்டரின் குரலில் ஒரு கரகரப்பு, அதற்காகவே அவரை எட்டாம் மாடியில் அல்ல, கீழே நுழைவாசலிலேயே வைக்கப் போகிறோம்.

ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. கேட்கிறவர்களுக்கு அலுப்புத் தட்டும். அதனால் திரும்ப வரும் இடங்களை மட்டும் எடுத்துவிட்டு, ஒவ்வொருவரிடமும் அழகான ஒரு வரியை வைத்திருக்கிறோம். அதில் ஒரு அதிசயம்! லிஃப்ட் சத்தத்தை இத்தனை பேர் நேசிக்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய படிமம்! எங்கள் ஒலிக்கலைஞர் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டார். வேறு ஒரு கட்டடத்துக்குப் போய் இதே மாதிரி லிஃப்டின் சத்தத்தைப் பதிவு செய்து வந்திருக்கிறார்.

முடிந்தால் இன்னும் சில சத்தங்கள் அனுப்பு: மழை, செருப்பு, கதவு. திறப்பு விழா ஏப்ரல் 19, ஞாயிறு.

கழுத்துக்கு ஒத்தடம் கொடு.

அன்புடன்,
அக்கா

மார்ச் 6

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு. மாமாவை வெந்நீர் குடிக்கச் சொல்.

திரும்ப வரும் இடங்களை எடுத்துவிட்டாயா? ஒரு கேள்வி கேட்கிறேன். வீடு பற்றி எரிகிறது, பதினேழு பேர் "நெருப்பு, நெருப்பு" என்று கத்துகிறார்கள். பதினாறு பேரை அலுப்பு என்று எடுத்துவிட்டு ஒருவரை மட்டும் வைத்துக்கொள்வாயா? வைத்துக்கொண்டவரிடமும் குரல் கரகரப்பாக இருக்கிறதா என்றா பார்ப்பாய்?

பதினேழு பேர் ஒன்றையே சொன்னால் அது ஒன்றையே பதினேழு முறை கேட்க வேண்டும் என்றுதான் அர்த்தம், அக்கா. ஆஸ்பத்திரியில் ஒரே வார்டிலிருந்து பதினேழு அழைப்பு வந்தால் நான் அலுத்துக்கொண்டு எடுக்காமல் இருப்பேனா? வேலை போய்விடும்.

அவர்கள் சொன்னதில் அழகு எங்கே இருந்தது? இரட்டைக் குழந்தைக்காரி ஆசையாகச் சொன்னாள் என்று நினைத்தாயா? அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். பக்கத்தில் இருந்து பார்த்தது நான்.

ஒன்றே ஒன்று கேட்டிருந்தேன். அதற்கு உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. வாரியத்துக்குக் கேட்டதா, இல்லையா? வெல்டர் அண்ணன் தினமும் மகளிடம் விசாரிக்கிறார். அவள் பேக்கரிக்கு வேலைக்குப் போகும் வழியில் என் கதவைத் தட்டி, "அப்பா கேட்கச் சொன்னாரு" என்கிறாள். நான் என்ன சொல்வது, "உங்கப்பா குரல் நல்லா இருக்காம்" என்றா? ஏப்ரல் கடைசி என்று எழுதியிருந்தேன். நாள் ஓடுகிறது.

மழைச் சத்தம் வேண்டுமென்றால் வானத்தைக் கேள்.

தங்கை

மார்ச் 29

அன்புள்ள தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். மாமாவின் சளி போய்விட்டது. எனக்குத்தான் இரண்டு நாளாகத் தலைசுற்றல்.

கோபப்படாதே. கலை நேரடியாகச் சண்டை போடாது, சுற்றி வந்துதான் உள்ளே நுழையும். நீ அவசரப்படுகிறாய். விழா அன்று நீயே புரிந்துகொள்வாய். வெல்டரிடம் கொஞ்சம் பொறுமையாக இருக்கச் சொல்.

அழைப்பிதழ் வைத்திருக்கிறேன். கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிடு. அன்று உனக்கும் ஒரு மரியாதை உண்டு. மற்றவை நேரில்.

அப்பாவுக்கு என் அன்பு.

அக்கா

ஏப்ரல் 4

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் தலைசுற்றலுக்கு டாக்டரைப் பார், கூகிளைப் பார்க்காதே.

அழைப்பிதழ் கிடைத்தது. நல்ல வழவழப்பான தாள். அடியில் பொடி எழுத்தில் "குடியிருப்பு வாரியத்தின் ஆதரவுடன்" என்று போட்டிருக்கிறது. தலைமை: வாரியத் தலைவர். இதை நீ என்னிடம் ஏன் சொல்லவில்லை? மூன்று மாதமாக மூன்று கடிதம் எழுதியிருக்கிறாய். மூன்றிலும் மாமாவின் நலம் வந்தது, இது வரவில்லை.

வரவே கூடாது என்றுதான் நினைத்தேன். பிறகு யோசித்தேன். தலைவரே வருகிறார் என்றால் நல்லதுதானே! அவர் நம் வாசலில் நிற்கப்போகிறார். நீ பக்கத்தில் இருப்பாய். "இவங்க சொன்ன முழுசையும் கேளுங்க" என்று உன் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்காக எல்லா வீட்டுக்கும் ஏறி இறங்கி அழைப்பிதழ் கொடுத்திருக்கிறேன். வெல்டர் அண்ணன் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைக்கச் சொல்லியிருக்கிறார். தூக்கிக்கொண்டு வர மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "நான் மேலயே நடைல உக்காந்து கேக்குறேன். என் குரல்தானே பேசப்போகுது, நான் எதுக்கு?" என்கிறார்.

கட்டாயம் வா. இந்த முறை காரிலிருந்து இறங்கி வா.

தங்கை

ஏப்ரல் 21

அக்கா,

அப்பா நலம். உன் நலத்தை விசாரிக்க இன்று எனக்கு மனசில்லை.

நீ வரவில்லை. பத்து மணிக்கு உன் உதவியாளர் வந்து "மேடத்துக்குத் திடீர்னு பிரஷர் ஏறிடுச்சு" என்றார். சரி. உன் பிரஷர் ஏறிய நேரத்தில் இங்கே என்ன நடந்தது என்று சொல்கிறேன், உட்கார்ந்து படி.

உங்கள் ஒலிக்கலைஞர், குடுமி போட்ட அந்த ஆள், முந்தின நாளே வந்து லிஃப்ட் ஏறி இறங்கும் அந்தப் பொந்துக்குள் அடியில் ஒரு பெரிய ஸ்பீக்கரை வைத்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. "சர்ப்ரைஸ்" என்றாராம். விழா தொடங்கியதும் பட்டனை அழுத்தினார். லிஃப்ட் ஓடும் சத்தம். கீழிருந்து மேலே போகிறது, நிற்கிறது, டிங் என்கிறது, கதவு திறக்கிறது, மூடுகிறது. அச்சு அசல். பொந்து வழியாகப் பத்து மாடிக்கும் கேட்டது. பிறகு வாசலில் வெல்டர் அண்ணன் குரல்: "எனக்குப் பிடிச்ச சத்தம் லிஃப்ட் மேல வர்ற சத்தம்." அவ்வளவுதான். மீதியைக் காணோம். கால் இல்லை, பதினாலு மாதம் இல்லை, யார் கேட்பார்கள் என்ற கேள்வி இல்லை. ஏதோ ஆசைப்பட்டுச் சொன்ன மாதிரி இருந்தது. அதற்குமேல் மறுபடி லிஃப்ட். தலைவர் "அடடா" என்றார். அக்கா, அடடா என்றார்!

எட்டாம் மாடியில் வெல்டர் அண்ணன் தனியாக நடையில் உட்கார்ந்திருந்தார். மகள் பேக்கரிக்குப் போயிருந்தாள். பதினாறு மாதம் கழித்து லிஃப்ட் ஓடும் சத்தம் கேட்கிறது. அவர் என்ன நினைப்பார்? கலை என்றா? லிஃப்ட் சரியாகிவிட்டது என்று நினைத்தாராம், மகள் சொன்னாள். வெள்ளைச் சட்டையோடு வாக்கரைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட் கதவுக்கு முன்னால் வந்து நின்று பட்டனை அழுத்தினார். டிங் என்று கேட்டது, கதவு திறக்கவில்லை. மறுபடி அழுத்தினார். மறுபடி டிங். ஒரு காலில் நாற்பது நிமிஷம் நின்றிருக்கிறார், அக்கா. தலைவர் பேசி முடிக்கும்வரை நின்றிருக்கிறார். பிறகு விழுந்தார். ஒன்பதாம் மாடிக்காரர் படியில் இறங்கி வரும்போது பார்த்துக் கத்தியதும்தான் நாங்கள் ஓடினோம். அதுவரை கீழே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வாசலைத் தாண்டும்போது உங்கள் ஸ்பீக்கரில் அவர் குரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் வயரைப் பிடுங்கினேன். உங்கள் ஆள் என்னைப் பார்த்து, "பாத்துங்க, மிஷின் காஸ்ட்லி" என்கிறான். அறைந்திருப்பேன்.

"அவ கேட்டா வாரியத்துக்கும் கேக்கும்" என்று உன்னை நம்பிச் சொன்னேனே! இனி நான் அந்த மனுஷர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

மே 15

மதிப்பிற்குரிய திட்ட இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். தாங்கள் நலமா என்பது தாங்கள் பதில் எழுதினால் தெரியவரும்.

தங்கள் அறக்கட்டளை அனுப்பிய பாராட்டுச் சான்றிதழ் பெற்றுக்கொண்டேன். "செவிசாய்த்த தன்னார்வலர்" என்று பொன்னெழுத்தில் அச்சிட்டு, சட்டம் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். மூன்றரை வாரமாக என் கடிதத்துக்குப் பதில் இல்லை, சான்றிதழுக்கு மட்டும் தபால் செலவு இருக்கிறது.

விவரங்கள் வேண்டியிருக்கும். லிஃப்ட் சரியாகிவிட்டது. வெல்டர் அண்ணன் விழுந்த ஒன்பதாம் நாள் மெக்கானிக் வந்தார், மத்தியானத்துக்குள் ஓடவிட்டார். பதினாறு மாதம் வராத பாகம் அந்த மெக்கானிக்கின் சட்டைப் பையில் இருந்து வந்தது. அத்தனை சின்னது. செயற்கைக் காலை எடுத்து வைத்திருந்த நாள் முடிந்துவிட்டது. இடுப்பு கூடினால்தான் புதிதாக அளவு எடுக்க முடியும் என்று அந்தப் பகுதியிலிருந்து போன் செய்தார்கள். அந்தப் போனை வார்டுக்கு இணைத்தவளும் நான்தான்.

சான்றிதழைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கண்ணாடி உடைந்திருந்தால் அது தபாலில் உடைந்ததல்ல.

இப்படிக்கு,
ஆறாம் மாடி

ஜூன் 2

அன்புள்ள தங்கைக்கு,

அப்பா எப்படி இருக்கிறார்? உன் கழுத்து? வெல்டர் சாப்பிடுகிறாரா, வலி இருக்கிறதா? எழுது.

மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். இதையும் கிழிப்பதற்குள் அனுப்பிவிடுகிறேன்.

வாரியத்தோடு செய்த ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: "பராமரிப்புக் குறைகள் எதுவும் பதிவுகளில் இடம்பெறலாகாது." அதில் நான் ஜனவரி பதினொன்றாம் தேதி கையெழுத்துப் போட்டேன். மறுநாள்தான் உனக்கு முதல் கடிதம் எழுதினேன். கேட்க வேண்டியவர்கள் காதில் விழும், நான் பொறுப்பு என்று எழுதியது, விழக்கூடாது என்று கையெழுத்துப் போட்ட அதே கைதான்.

பத்தொன்பது பேரையும் முழுதாகக் கேட்டேன். நாலு முறை கேட்டேன். வெல்டர் "யாருமா இதக் கேப்பாங்க" என்ற இடத்தில் அழுதேன். அழுதுவிட்டு வெட்டினேன். அதன் பின்னால் நீ "எங்க அக்கா கேப்பா" என்று சொன்னது இருந்தது. அதை முதலில் வெட்டினேன்.

இன்னொன்று. லிஃப்ட் சத்தத்தை ஓடவிடுவது ஒலிக்கலைஞரின் யோசனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். என் யோசனை. வாயால் சொல்லக் கூடாது என்றுதானே கையெழுத்து, சத்தத்தால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஓடாத லிஃப்டுக்கு முன்னால் ஓடும் சத்தம் கேட்டால் தலைவருக்கு வெட்கம் வரும் என்று கணக்குப் போட்டேன். ரொம்பப் புத்திசாலித்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். கட்டடத்தில் இருப்பவர்களுக்கு அது எப்படிக் கேட்கும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பிரஷர் அன்று ஏறவில்லை. உன்னை நேரில் பார்க்கப் பயந்து வராமல் இருந்தேன்.

வாரியத்தின் விபத்து அறிக்கை வந்திருக்கிறது. "குடியிருப்பாளர் தம் கவனக்குறைவால் வாக்கரிலிருந்து இரு கைகளையும் எடுத்ததே விபத்துக்குக் காரணம்" என்கிறார்கள். ஒன்பதாம் மாடிக்காரர் படித் திருப்பத்தில் வரும்போது, பின்னாலிருந்து, அவர் இரண்டு கையையும் எடுத்ததைப் பார்த்தாராம். ஒரு காலில் நாற்பது நிமிஷம் நின்றவர் எதற்குக் கையை எடுத்தார்? களைப்பா, மயக்கமா? தெரிந்தால் அந்த அறிக்கையை எதிர்த்து எழுதலாம். அவரிடம் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. நீ கேட்பாயா?

வெட்டாத பதிவுகள் முழுவதும் இதில் இருக்கின்றன. அவை உங்களுடையவை.

அக்கா

ஜூன் 20

அக்காவுக்கு,

அப்பா நலம். என் கழுத்து அப்படியேதான் இருக்கிறது. உன் உடம்பைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. மாமாவைக் கேட்டேன், சரியாகத் தூங்குவதில்லை என்றார். நல்லது என்று நினைக்கும் அளவுக்கு இன்னும் கோபம் இருக்கிறது. மாத்திரையை மட்டும் விடாதே.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்பா வேறு அறைக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் திட்ட முடியவில்லை, ஏனென்றால் நானும் ஒன்றை வெட்டியிருக்கிறேன்.

"கீழே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை" என்று ஏப்ரலில் எழுதினேன். பொய். எனக்குக் கேட்டது. தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போது, உங்கள் லிஃப்ட் சத்தத்துக்கு நடுவே, மேலே இரும்புக் கதவை யாரோ தட்டும் சத்தம். மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி மூன்று தட்டு. மூச்சு விடுவதை வைத்தே எந்த வார்டுக்கு இணைக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கிறவள் நான். மனுஷர் தட்டுகிறார் என்று என் காதுக்குத் தெரிந்தது. உங்கள் ஒலிக்கலைஞரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். சரி, இதையும் அவர்தான் சேர்த்திருக்கிறார் போல என்று இருந்துவிட்டேன். என் கையில் பூங்கொத்து இருந்தது, படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து எட்டு மாடி ஏறினால் நன்றாக இருக்காது என்றும் தோன்றியது, அதையும் சொல்லிவிடுகிறேன். தலைவர் முடித்ததும் எல்லோரோடும் சேர்ந்து நானும் கைதட்டினேன். உன்னைத் திட்டியதில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

இதையெல்லாம் எழுதி, பத்தொன்பது பேரின் முழுப் பதிவையும் சேர்த்து, அறிக்கைக்கு மறுப்பாக வாரியத்துக்குக் கொடுக்கிறோம். இருபத்தெட்டு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். உன் ஜனவரி ஒப்பந்தத்தின் நகல் வேண்டும். நீ கையெழுத்துப் போட்ட பக்கத்தோடு அனுப்பு. வேலை போனால் போகட்டும். இதில் நான் உன்னைக் கெஞ்சவில்லை.

நேற்று வார்டுக்குப் போனேன். முதலில் தட்டும் சத்தம் எனக்குக் கேட்டதைச் சொன்னேன். அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பத்து எண்ணவில்லை, எண்ணத் தோன்றவில்லை. பிறகு உன் கேள்வியைக் கேட்டேன்: "வாக்கரை ஏன் அண்ணே விட்டீங்க? தலை சுத்துச்சா?"

"அதெல்லாம் இல்லம்மா" என்றார். "கதவு திறக்கல, எங்கயோ மாட்டிக்கிச்சு போலன்னு தட்டிப் பாத்தேன். அப்ப கீழ எல்லாரும் கைதட்டுனீங்க. லிஃப்ட் ஓட ஆரம்பிச்சுடுச்சுன்னுதான் தட்டுறாங்கன்னு நெனச்சேன். எனக்கும் சந்தோஷமா இருந்துச்சு. அதான், நானும் கைதட்டினேன்."

உன்,
தங்கை